கேதத்துக்கு வருகிறவரின் விமானச் சீட்டு

துபாயில் பணிபுரியும் திருமங்கலத்து அன்பர் ஒருவர் எனக்கு இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். தங்கை மகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமனாக வந்து நிற்க வேண்டும் என்பதற்காக, துபாயிலிருந்து சென்னை வழியாக மதுரைக்கு வந்து திரும்ப ஒரே சீட்டாக முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவருடைய தாயார் காலமாகிவிட்டார். சீட்டை அன்றைய தேதிக்கு மாற்றக் கேட்டபோது, மாற்றக் கட்டணம் 250 திர்ஹம், கட்டண வேறுபாடு 1,100 திர்ஹம் என்று விமான நிறுவனத்தில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இறந்துவிட்டார் என்று சொன்ன பிறகும் தொகை குறையவில்லை. வேறு வழியின்றி இன்னொரு நிறுவனத்தில் 980 திர்ஹத்துக்குத் திருச்சிக்கு ஒருவழிச் சீட்டு எடுத்து, அங்கிருந்து காரில் வந்து, உடலை எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வீடு சேர்ந்திருக்கிறார். பழைய சீட்டை ரத்து செய்ய வேண்டும் என்ற நினைவே அவருக்கு எழவில்லை. அந்தத் தேதியும் கடந்துவிட்டது. 'மரணத்துக்கென்று விமான நிறுவனங்களிடம் தனி விதி கிடையாதா? பயன்படுத்தாத அந்தச் சீட்டுக்கு ஏதாவது பணம் கிடைக்குமா?' என்று கேட்கிறார்.

உங்கள் தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். மதுரை மேலவெளி வீதியில் 22 ஆண்டுகளாகப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். இழவுச் செய்தியோடு வரும் தொலைபேசி அழைப்பு எங்களுக்கு மாதம் ஒன்றாவது வரும். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் கட்டணமின்றித் தேதி மாற்றித் தர வேண்டும் என்று எல்லா நிறுவனங்களையும் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் இரக்கத்துக்கு இடமளிக்கும் விதிகள் பல நிறுவனங்களின் பயண நிபந்தனைகளுக்குள்ளேயே இருக்கின்றன. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அவை கிடைக்கின்றன. உங்கள் பழைய சீட்டில் ஒரு பகுதிப் பணம் இன்னும் உங்களுடையதுதான். அதைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது.

உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு தொகைகளும் ஒன்றல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மாற்றக் கட்டணம் என்பது தேதியை மாற்றித் தருவதற்காக நிறுவனம் விதிக்கும் நிலையான தொகை. கட்டண வேறுபாடு என்பது நீங்கள் சீட்டு எடுத்த விலைக்கும், நீங்கள் கேட்கும் புதிய தேதியில் மீதமிருக்கும் இருக்கைகளின் விலைக்கும் இடையிலுள்ள தொகை. ஒரே விமானத்தின் ஒரே வரிசையில் உட்காரும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பார்கள். இருக்கைகள் எழுத்தால் குறிக்கப்படும் பல விலைப் பிரிவுகளாக விற்கப்படுகின்றன. தொழிலில் நாங்கள் அதைக் கிளாஸ் என்போம். மலிவான கிளாஸ் முதலில் தீர்ந்துவிடும். புறப்படும் நாள் நெருங்க நெருங்க எஞ்சியிருப்பது மேல் விலைப் பிரிவுகள்தான். கடைசி நாளில் சீட்டு எடுப்பவர் அலுவலகச் செலவில் பறக்கும் வணிகராக இருப்பார் என்ற கணக்கில் அந்த விலை வைக்கப்படுகிறது. தாய் இறந்த செய்தி கேட்டுக் கையில் கிடைத்த சட்டையோடு கிளம்புகிற தொழிலாளியும் அதே வரிசையில்தான் நிற்கிறார். கணினிக்கு இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இதனால்தான் பல நேரங்களில் 'மாற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டோம்' என்ற சலுகை கிடைத்தும் பயணிக்கு நிம்மதி கிடைப்பதில்லை. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 250 திர்ஹத்தை விட்டுக்கொடுத்திருந்தாலும் 1,100 திர்ஹம் அப்படியே நின்றிருக்கும். அமெரிக்காவில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகிய பெரிய நிறுவனங்கள் 2020இல் பெரும்பாலான உள்நாட்டுச் சீட்டுகளுக்கு மாற்றக் கட்டணத்தையே நீக்கிவிட்டன. கட்டண வேறுபாட்டை யாரும் நீக்கவில்லை. எனவே துக்கத்தில் இருப்பவருக்காகப் பேசுகிறவர் கேட்க வேண்டியது 'மாற்றக் கட்டணத்தை விடுங்கள்' என்பதோடு முடியக் கூடாது. 'எடுத்த அதே கிளாஸில் இடம் இல்லாவிட்டாலும், அதே விலைக்கு இந்த விமானத்தில் ஏற்ற உங்கள் மேற்பார்வையாளருக்கு அதிகாரம் இருக்கிறதா?' என்று கேட்க வேண்டும். இப்படியொரு அதிகாரம் பல நிறுவனங்களில் உண்டு. அது பயன்படுத்தப்படும்போது எங்களைப் போன்ற முகவர்களுக்கு வெய்வர் கோட் என்ற அனுமதி எண் வரும். அதைச் சீட்டில் பதிந்து மறுபடி வெளியிடுவோம். 22 ஆண்டுகளில் அந்த எண்ணைப் பலமுறை வாங்கியிருக்கிறேன். பல முறை மறுக்கப்பட்டும் இருக்கிறேன். ஒரே நிறுவனத்தில், ஒரே வகைச் சீட்டுக்கு, காலையில் மறுத்ததை இரவுப் பணியில் இருந்த வேறொருவர் மூன்று நிமிடத்தில் தந்த அனுபவமும் உண்டு. தொலைபேசியை எடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து ஒரு மகன் தாயின் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காமற்போவதும் முடிவாகக் கூடாது என்பதுதான் இந்தப் பதில் முழுவதிலும் நான் சொல்ல வருவது.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமாகிய டிஜிசிஏ வகுத்த விதித்தொகுப்பில், பயணச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மூன்றாம் பிரிவு, எம் வரிசை, இரண்டாம் பாகம் என்று குறிப்பிடுவார்கள். ரத்துக் கட்டணம் எக்காரணம் கொண்டும் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒன்று. பயணி சீட்டை ரத்து செய்தாலும், பயன்படுத்தாமல் விட்டாலும், விமானத்துக்கே வராமற்போனாலும், அரசு வரிகளையும் விமான நிலையங்களுக்கான பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம், பயணியர் சேவைக் கட்டணம் போன்றவற்றையும் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது மற்றொன்று. அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைக்காத சலுகைச் சீட்டுகளுக்கும் இது பொருந்தும். முகவர் வழியாக எடுத்த சீட்டானாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே என்றும் அந்த விதி சொல்கிறது. வெளிநாட்டு நிறுவனமானால், எவ்வளவு திரும்பும் என்பது அதன் சொந்த நாட்டு விதிகளைப் பொறுத்தது.

இவையெல்லாம் பயனுள்ள விதிகள்தாம். ஆனால் மரணம் என்ற சொல்லை மையமாக வைத்து எழுதப்பட்டவை அல்ல. 2025 நவம்பரில் டிஜிசிஏ வெளியிட்ட திருத்த வரைவு, சீட்டு எடுத்த முதல் 48 மணி நேரத்துக்குள் கூடுதல் கட்டணமின்றி ரத்து செய்யவோ மாற்றவோ இடம் தரவும், மருத்துவ அவசரநிலையால் ரத்தாகும் சீட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பவோ அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கவோ வகை செய்யவும் முன்மொழிந்தது. அது நல்ல திசையில் எடுத்து வைத்த அடி. ஆனால் முதல் 48 மணி நேரச் சலுகை, தேதியைத் தவறாக அழுத்திவிட்டவருக்கு உதவுமே தவிர, முப்பதாம் நாள் வரும் இழவுச் செய்திக்கு உதவாது. மருத்துவ அவசரநிலையை ஒரு காரணமாக ஏற்கும் விதி, வீட்டில் விழுந்த சாவையும் அதன் பக்கத்திலேயே எழுதிவைப்பதுதான் முறை.

இரக்கம் எழுத்தில் இருக்கும் இடங்களுக்கு வருகிறேன். ஐயாட்டா எனப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம், பொதுவான பயண நிபந்தனைகளின் மாதிரி ஒன்றை நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. உலகின் பல நிறுவனங்கள் அதைச் சிறு மாற்றங்களோடு தங்கள் நிபந்தனைகளாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதில் பெரும்பாலோர் படிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. பயணத்தைத் தொடங்கிவிட்ட ஒருவரின் நெருங்கிய குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், அவருடைய சீட்டின் செல்லுபடிக் காலத்தையும், உடன் வரும் நெருங்கிய குடும்பத்தாரின் சீட்டுகளின் காலத்தையும் மாற்றித் தரலாம். இறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். நீட்டிப்பு இறந்த நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகாது. விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும்போது தகப்பனார் தவறிவிட்டால், திரும்பும் தேதியைத் தள்ளிவைக்க இந்தப் பிரிவு மிகவும் உதவும். நம்மூர்ப் பதினாறாம் நாள் காரியமும், இஸ்லாமியக் குடும்பங்களின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் அந்த 45 நாளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் 'பயணத்தைத் தொடங்கிவிட்ட' என்ற சொற்களைக் கவனியுங்கள். உங்களைப் போல இன்னும் கிளம்பாதவருக்கு அந்தப் பிரிவு பேசவில்லை.

கிளம்பப் போகிறவருக்காக ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் துக்கக் கட்டணம் என்றே தனி விலை பரவலாக இருந்தது. யுனைடெட், அமெரிக்கன் இரண்டும் அதை 2014 வாக்கில் கைவிட்டன. டெல்டா, அலாஸ்கா, கனடாவின் ஏர் கனடா, வெஸ்ட்ஜெட் போன்றவை ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்து வைத்திருக்கின்றன. பெரும்பாலும் தொலைபேசியில் கேட்டால்தான் கிடைக்கும், இறந்தவரின் பெயர், உறவு, மருத்துவமனை அல்லது இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் விவரம் எல்லாம் சொல்ல வேண்டும். இவற்றிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. துக்கக் கட்டணம் என்ற பெயர் இருப்பதனாலேயே அதுதான் மலிவான விலை என்று எண்ணிவிடக் கூடாது. அதே நிறுவனத்தின் இணையதளத்தில் அதைவிடக் குறைந்த விலை சில நேரம் இருக்கும். அந்தச் சீட்டின் மதிப்பு, பிறகு தேதியை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தில் இருக்கிறது.

ஏர் கனடா தொடர்பான ஒரு வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில் பாட்டி இறந்த செய்தி கேட்டு டொராண்டோவுக்குப் பறக்க வேண்டிய ஒருவர், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தானியங்கி உரையாடியிடம் துக்கக் கட்டணம் பற்றிக் கேட்டார். இப்போது முழு விலைக்குச் சீட்டு எடுத்துவிட்டு 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் வேறுபாடு திரும்பக் கிடைக்கும் என்று அது சொன்னது. அவர் அப்படியே செய்தார். பிறகு கேட்டபோது, பயணம் முடிந்த பின் விண்ணப்பிக்க விதியில் இடமில்லை, இணையதளத்தின் வேறொரு பக்கத்தில் அது சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்று நிறுவனம் மறுத்தது. அந்த உரையாடி சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்றும் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் 650.88 கனடா டாலர் இழப்பீடும் அதற்கு மேல் வட்டியும் மனுக் கட்டணமும் தர உத்தரவிட்டது. அவர் வென்றதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டைச் சேமித்து வைத்திருந்ததுதான். துக்க வேளையில் யாருக்கும் இது தோன்றாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொன்னேன். உங்களுக்காகப் பேசும் நண்பரிடம், யார் என்ன சொன்னார் என்பதை நேரத்தோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

விதி இருக்கும் இடத்திலும் அடுத்த தடை காத்திருக்கிறது. யாருடைய சாவு சாவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதுதான் அது. நெருங்கிய குடும்பம் என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற பட்டியலைப் பெரும்பாலும் காண்கிறோம். சில நிறுவனங்கள் தாத்தா பாட்டியையும் மாமனார் மாமியாரையும் சேர்க்கின்றன. டெல்டாவைப் போலப் பெற்றோரின் உடன்பிறந்தோரையும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் குறைவு. மதுரைச் சீமையில் தாய்மாமன் யார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடியில் வைத்துக் காது குத்துவதிலிருந்து, சீர் செய்வதிலிருந்து, சாவு வீட்டில் கோடி போடுவது வரை அவர் இல்லாமல் ஒரு காரியமும் நகராது. விமான நிறுவனத்தின் படிவத்தில் அவருக்கு 'அங்கிள்' என்று பெயர். பெரியப்பா, சித்தப்பா, மாமா, தெருவில் தெரிந்த பெரியவர் எல்லோரும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

இது என் வீட்டிலேயே நடந்தது. எனக்கு ஏழு வயதிலும் என் தம்பிக்கு மூன்று வயதிலும் எங்கள் தகப்பனார் தவறிவிட்டார். மேலூரில் இருந்த எங்கள் மாமாதான் எங்களைப் படிக்க வைத்தார். அவர் காலமானபோது தம்பி சிங்கப்பூரில் இருந்தான். பொங்கலுக்கு வர எடுத்திருந்த சீட்டு அவன் கையில் இருந்தது. நானே நிறுவனத்தின் அலுவலகத்தோடு பேசினேன். 'அங்கிள் எங்கள் பட்டியலில் இல்லை' என்று மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். எங்களைத் தகப்பனாக இருந்து வளர்த்தவர் என்று விளக்கினேன். அதற்குச் சட்டப்படியான பாதுகாவலர் என்ற சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். மேலூர்ப் பக்கம் தங்கை பிள்ளைகளை வளர்க்க யார் நீதிமன்றத்தில் சான்று வாங்குவார்கள்? அந்தப் பேச்சில் கழிந்த நான்கு மணி நேரத்தில் மாலை விமானம் போய்விட்டது. தம்பி மறுநாள் வந்தபோது எடுத்து முடிந்திருந்தது. சுடுகாட்டுக்கு நேராகக் காரை விடச் சொல்லி, சாம்பலுக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். அந்த அலுவலர் மீது எனக்கு இன்று வரை கோபமில்லை. அவர் கையிலிருந்த பட்டியலைத்தான் படித்தார். அந்தப் பட்டியலை எழுதியவர்கள் எங்கள் வீடுகளைப் போன்ற வீடுகளை நினைத்து எழுதவில்லை. உறவுகளை நீட்டிக்கொண்டே போனால் எல்லை இராது என்பார்கள். வளர்த்தவர் என்பதற்கோ தாய்மாமன் என்பதற்கோ ஒரு வரி சேர்ப்பதால் எந்த நிறுவனமும் நொடித்துப்போகாது.

மூன்றாவது தடை சான்றிதழ். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் கீழ் நம் மாநிலத்தில் மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்தால் மருத்துவமனையே தகவல் தரும். வீட்டில் நேர்ந்தால் குடும்பத்தார் சொல்ல வேண்டும். சிற்றூர்களில் கிராம நிர்வாக அலுவலரும், உங்கள் திருமங்கலம் போன்ற நகராட்சிகளில் சுகாதாரப் பிரிவினரும் பதிகிறார்கள். சனிக்கிழமை இரவு வீட்டில் இறந்த தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை காலை சான்றிதழ் கேட்டால் யார் கொடுப்பார்கள்? நம் வழக்கப்படி ஒரே நாளில் எடுத்துவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும் என்றால் குளிர்பெட்டியில் வைத்து ஒன்றிரண்டு நாள் காத்திருப்போம். முஸ்லிம் வீடுகளில் அந்த அவகாசமும் இராது. ஆகவே பறக்கும் நேரத்தில் சான்றிதழ் கையில் இருக்கவே முடியாது. இதை அறிந்த நிறுவனங்கள், மருத்துவமனை கொடுக்கும் இறப்பு அறிக்கையையோ மரணக் காரணம் குறித்த மருத்துவச் சான்றையோ தற்காலிகமாக ஏற்று, பதிவுச் சான்றிதழைப் பிறகு அனுப்பச் சொல்கின்றன. வீட்டில் இறந்திருந்தால், வந்து பார்த்து உறுதி செய்த மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் பெயர், நாள், நேரத்தோடு இரண்டு வரி எழுதி வாங்கிப் படம் எடுத்து அனுப்புங்கள். பிறகு பணம் கேட்கும் வேளைக்குத் தத்தனேரி போன்ற மயானங்களில் தரும் ரசீதும் துணை ஆவணமாக உதவும். நம் மாநிலச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை. இறந்தவரின் பெயரும், உங்கள் பாஸ்போர்ட்டில் தாய் பெயராக இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஒன்றில் முத்துலட்சுமி என்றும் மற்றொன்றில் முத்துலெட்சுமி என்றும் இருந்த ஒரே காரணத்துக்காக மூன்று மாதம் இழுத்தடிக்கப்பட்ட கோப்பை நானே பார்த்திருக்கிறேன்.

இனி இப்படி ஒரு செய்தி வரும் வீடுகளுக்காகச் சில வார்த்தைகள். அழுகிறவர் பேசக் கூடாது. அறை நண்பரோ அண்டை வீட்டாரோ பேசட்டும். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் பயணியின் ஒப்புதலைக் கேட்கும் என்பதால், பிஎன்ஆர் எனப்படும் முன்பதிவு எண்ணும், சீட்டோடு இணைத்த தொலைபேசியும் மின்னஞ்சலும் பேசுகிறவர் கையில் இருக்க வேண்டும். முகவரிடம் எடுத்த சீட்டானால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். முகவர் எடுத்த சீட்டைத் தொட நிறுவனம் மறுப்பதும், நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் முகவரால் தள்ளுபடி தர முடியாததும் வழக்கம். ஐந்து பேர் ஒரே பிஎன்ஆரில் இருந்து ஒருவர் மட்டும் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்றால், முதலில் அவரைத் தனிப் பிஎன்ஆராகப் பிரிக்கச் சொல்லுங்கள். மதுரைக்கே வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். திருச்சி, திருவனந்தபுரம், கொச்சி ஆகியவற்றில் எதற்காவது அதே சீட்டை வழி மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பவர், விமானத்துக்குள் நுழையுமுன் வந்தே பாரத் நேரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அது சில நாட்களில் முந்திச் சேர்க்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீங்கள் தவறவிட்ட அந்த ஒன்று. வேறு சீட்டில் கிளம்பிவிட்டால், பழைய சீட்டை அதன் புறப்பாட்டு நேரத்துக்கு முன்பே ரத்து செய்யவோ தேதி குறிக்காமல் நிறுத்தி வைக்கவோ யாராவது ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். வராமலே இருந்தால் நோ ஷோ என்று பதிவாகும். போகும் பகுதியில் நோ ஷோ ஆன உடனே திரும்பும் பகுதியையும் பெரும்பாலான நிறுவனங்களின் கணினி தானாகவே ரத்து செய்துவிடும். திரும்பும் சீட்டு இருக்கிறது என்று நம்பி, காரியம் முடித்து விமான நிலையம் போய், அங்கே மறுக்கப்பட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். துக்கத்தின் மேல் இன்னொரு துக்கம் அது. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதையும் பாருங்கள். நெருங்கிய குடும்பத்தில் மரணம் நேர்ந்து பயணம் ரத்தானால் திரும்பாத பகுதியை ஈடுகட்டும் பிரிவு பல பாலிசிகளில் உண்டு. அவசரமாக எடுத்த புதுச் சீட்டின் விலையை அவை பொதுவாகத் தருவதில்லை.

நிறுவனங்கள் ஏன் இதைப் பொது விதியாக எழுதிவைக்கத் தயங்குகின்றன என்று கேட்டால், பொய் சொல்லிச் சலுகை பெறுவோரைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். அந்த அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. உயிரோடிருக்கும் பாட்டியை மூன்று முறை சாகடித்தவர்களை நானும் அறிவேன். ஆனால் இன்று இறப்புச் சான்றிதழை இணையத்திலேயே சரிபார்க்க முடிகிறது. முழு விலையை முதலில் வாங்கிக்கொண்டு, 30 நாளுக்குள் சான்றிதழ் வந்ததும் வேறுபாட்டைத் திருப்புவதாக விதி எழுதினால் பொய்க்கு இடமேது? கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டுக் கட்டணங்களுக்கு அரசே மேல் வரம்பும் கீழ் வரம்பும் வைத்திருந்தது. அப்போது முடிந்தது, தகுந்த சான்றோடு வரும் ஒருவருக்கு மட்டும், அவர் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய சீட்டின் மீது, ஒரு வரம்பு வைக்க முடியாதா? உங்களிடம் 1,350 திர்ஹம் கேட்ட நிறுவனம், அந்தச் சீட்டுக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் இரண்டாவது கேள்வி. பழைய சீட்டின் ரசீதை எடுத்து, அதில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் நீங்கலாக வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். இந்திய நிறுவனமானால், நோ ஷோ ஆனபோதிலும் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற டிஜிசிஏ விதியைச் சுட்டிக்காட்டி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். வெளிநாட்டு நிறுவனமானால் அதன் பயண நிபந்தனைகளில் பயன்படுத்தாத வரிகள் பற்றிய பிரிவைத் தேடி அதையே மேற்கோள் காட்டுங்கள். அதே கடிதத்தில் தனிப் பத்தியாக, தாயார் மறைந்த நாள், நீங்கள் முதலில் அழைத்த நாளும் நேரமும், அவர்கள் சொன்ன தொகை, நீங்கள் எடுத்த மாற்றுச் சீட்டு ஆகியவற்றை எழுதி, இரக்க அடிப்படையில் அடிப்படைக் கட்டணத்தையும் திருப்பவோ, ஓராண்டு செல்லும் வரவாக வைக்கவோ கோருங்கள். முதல் கோரிக்கை உங்கள் உரிமை, இரண்டாவது வேண்டுகோள். இரண்டையும் கலந்து எழுதினால், வேண்டுகோளை மறுக்கும் கடிதத்திலேயே உரிமையையும் சேர்த்து மறுத்துவிடுவார்கள். இறப்புச் சான்றிதழ், புதுச் சீட்டின் போர்டிங் பாஸ், அழைப்பு நேரம் தெரியும் கைபேசிப் படம் மூன்றையும் இணையுங்கள்.

பதில் வராவிட்டாலோ திருப்தி தராவிட்டாலோ, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். அதற்குப் பின்னும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். உங்களுக்கு அது மதுரையா துபாயா என்ற கேள்வியை எதிர்த்தரப்பு எழுப்பக்கூடும் என்பதால், திருமங்கலம் முகவரியுள்ள ஆதாரும் பாஸ்போர்ட்டும் மனுவோடு இருக்கட்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆகவே கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ஆணையத்துக்கான மனுவை, அம்மாவின் தலைத் திவசத்துக்கு ஊருக்கு வரும்போது நேரில் கையொப்பமிட்டுக் கொடுத்தாலும் காலம் தாழ்ந்துவிடாது.